சிராங்கூன் சாலையும் நடையிழந்தோரும்

தேக்கா என்னும் பெயரிலேயே ஒரு கால் இருக்கிறது. ஹொக்கியன் சீனர் இவ்விடத்தைத் ‘தெக் கா’ என வழங்கினர். ‘தெக்’ என்பது மூங்கில், ‘கா’ என்பது கால் அல்லது அடி. மூங்கிற் புதர்கள் செறிந்திருந்த நாளில் தோன்றிய பெயர் அது. 1982இல் எழுந்த புதிய சந்தைக் கட்டடத்துக்கு அப்பெயரையே மாண்டரின் ஒலிப்பில் ‘ஜூ ஜியாவ்’ என்று சூட்டினர். மக்கள் நாவில் அது தங்கவில்லை; 2000இல் பழம் பெயரே மீண்டும் வந்தது. கடைவீடுகளின் முன்னே செல்லும் நடைவழிக்கு மலாய் மொழியில் ‘காக்கி லீமா’ என்று பெயர். தமிழர் அதனை ‘ஐந்தடி’ என்பர். 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகர அமைப்புத் திட்டத்திலிருந்து வந்தது அவ்வழி.

இங்ஙனம் பெயர்தோறும் காலும் அடியும் நிற்கும் இவ்வட்டாரத்தில், நடக்கும் ஆற்றலை இழந்தோரின் வரலாறும் ஒன்று உண்டு. கடைத்தெருவும் கோயிலும் மாட்டு வாணிகமும் பேசப்பட்ட அளவுக்கு அது பேசப்படவில்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிராங்கூன் சாலையின் ஓரத்திலே தொடர்ந்து வரும் வரலாறு அது.

ஏழையர் மருத்துவமனை

மலாக்காவிற் பிறந்து, சிங்கப்பூரில் காய்கறி விற்றுப் பொருளீட்டிப் பெருவணிகராக உயர்ந்தவர் டான் டோக் செங். அவர் அளித்த கொடையைக் கொண்டு 1844இல் பேர்ல்ஸ் ஹில் என்னும் குன்றின்மேல் ஏழையர்க்கென ஒரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டது. அதன் அச்சம் கடல் கடந்து இங்குள்ள ஆங்கில ஆட்சியரையும் பற்றிக்கொண்டது. குன்று படைத்துறைக்கு வேண்டும் என்றனர். நோயாளிகள் கீழே இறக்கப்பட்டனர். பொது மருத்துவமனை கண்டாங் கெர்பாவுக்கு, அஃதாவது எருமைத் தொழுவம் என்னும் பெயருடைய இன்றைய தேக்காப் பகுதிக்கு வந்தது. ஏழையர் மருத்துவமனையோ 1860களின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் தாழ்நிலத்துக்குப் பெயர்ந்தது. மீரத்தில் எழுந்த கலகம் சிங்கப்பூரில் நொண்டிகளையும் குருடர்களையும் இடம்பெயரச் செய்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அங்குக் கிடந்தவர் யார்? பெரும்பாலோர் சீனத்திலிருந்து தனியராய் வந்த கூலிகள். மனைவியில்லை, மக்களில்லை, உடல் நலிந்தால் ஒரு வாய்க் கஞ்சி ஊற்றச் சுற்றமில்லை. காலிற் புண் வைத்து அழுகி வந்தோர் அவருள் மிகப் பலர். உடலுழைப்பால் வாழ்வோனுக்குக் காலே முதல். 1880இல் ரிக்சா வண்டி இந்நகர்க்கு வந்தபின் இஃது இன்னும் உண்மையாயிற்று. இழுக்கும் கால் நின்றுபோனால் அன்றே அவன் இரவலன். ஆகவே நடையிழத்தல் என்பது அவனுக்கு நோய் மட்டுமன்று; பிழைப்பும் உறையுளும் ஒருங்கே போயின என்று பொருள்.

புழுங்கல் அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மருத்துவமனையை நிறைத்த நோய்களுள் பெரிபெரி ஒன்று. கை கால் நரம்புகளை வாட்டும் நோய் அது. உடலின் மிக நீண்ட நரம்புகளையே முதலிற் பற்றுவதாகலின் கால்விரல்கள் மரத்துப் போகும், பின் கெண்டைச் சதை தளரும், பாதம் தொங்கிவிடும். தொங்கும் பாதம் தரையில் உரசாதிருக்க நோயாளி முழங்காலை உயரத் தூக்கிச் சேற்றில் நடப்பவன்போல் நடப்பான். மருத்துவர் அவனைக் குந்தி உட்காரச் சொல்வர். கையூன்றாமல் எழ இயலாதவன் பெரிபெரிக்கு ஆளானவன் என்று முடிவு செய்வர். சிலர்க்கு நெஞ்சும் வீங்கி இறப்பு நேரும்.

இந்நோய் காற்றால் வருவது என்றனர் சிலர். ஈரத்தரையால் வருவது என்றனர் பிறர். ஒட்டுநோய் என்று வார்டுகளைக் கழுவியோரும் உளர். ஒரு செய்தி மட்டும் எல்லார்க்கும் புதிராக நின்றது. ஒரே ஊரில், ஒரே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் என்பார் இதனை ஆராய்ந்து, வேற்றுமை குருதியிலில்லை, சோற்றுப்பானையில் இருக்கிறது என்றார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

1905இல் கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் பெரிபெரி பரவியது. அங்கிருந்த மருத்துவர் பிளெட்சர், உள்ளிருந்தோரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சயாமிலிருந்து வந்த தீட்டிய அரிசி. மற்றதற்கு இந்தியப் புழுங்கல் அரிசி. முதற்பிரிவினர் 120 பேருள் 43 பேர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேருள் இருவர்க்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் உள்ளே வரும்போதே அதனைக் கொண்டு வந்தவர். சிங்கப்பூர் மனநோயர் இல்லத்தில் பணியாற்றிய எல்லிஸ் என்பாரும் அரிசியே காரணம் என்று 1909இல் எழுதினார். பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் துரியான் தீப்பூசில் சாலை போட வந்த சாவகத் தொழிலாளர் 300 பேரிடம் இதே ஆய்வை நிகழ்த்தி உறுதி செய்தனர். 1910இல் மணிலாவிற் கூடிய கீழை மருத்துவர் மாநாடு தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஒரு சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முழுதும் நீங்குவதில்லை. அச்சத்தே பின்னாளில் உயிர்ச்சத்து பி1 எனப்பட்டது.

இதனைத் தமிழர் மருத்துவ அறிவின் வெற்றி என்று மார்தட்டுவோர் உளர். அவ்வாறு கூறுதற்குச் சான்றில்லை. நெல்லவித்த நம் பாட்டியர் நரம்பைக் கருதி அவிக்கவில்லை. அரிசி நொய்யாகாமல் இருக்கவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் அவித்தனர். பழக்கம் அவர்களைக் காத்தது. அதே தமிழ்த் தொழிலாளர் தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொத்துக் கொத்தாக மாண்டனர் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

உணவு மாறியதும் பெரிபெரி நோயாளர் உடனே எழுந்து நடந்தனர் அல்லர். கை கால்களிற் செல்லும் நரம்பு அறுந்தாலோ பட்டாலோ மீண்டும் வளரும். ஆயின் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். முழங்காலிலிருந்து பாதம்வரை அது சென்று சேர ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை சுவரைப் பிடித்தும் கட்டிலைப் பிடித்தும் நடை பழகினர். இந்நிலத்தில் நிகழ்ந்த முதற் பெரும் நடைப்பயிற்சி என்று இதனைக் கூறினால் மிகையாகாது. அதற்கு அந்நாளிற் பெயரில்லை, பயிற்றுவிப்போரும் இல்லை.

1909இல் மருத்துவமனை மோல்மீன் சாலைக்குப் பெயர்ந்தது. காலியான சிராங்கூன் சாலை நிலத்தைக் கண்டோனிய வணிகர் சிலர் ஆண்டுக்கு ஒரு வெள்ளி என்னும் பெயரளவான வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, 1910இல் குவோங் வாய் ஷியூ இலவச மருத்துவமனையைத் தொடங்கினர். பிற்காலத்தில் எல்லா இனத்தார்க்கும் கதவைத் திறந்த அந்நிலையம், இன்று முதியோர் பராமரிப்பு இல்லமாகவும் நடைப்பயிற்சி நிலையமாகவும் அதே மண்ணில் இயங்குகிறது.

மூளையும் காலும்

பெரிபெரி நீங்கியது; வேறொரு நோய் முன்னுக்கு வந்தது. மக்கள் நெடுநாள் வாழத் தொடங்கிய எல்லா நாடுகளிலும் நேர்ந்தது இதுவே. பக்கவாதம் அல்லது பாரிசவாதம் எனப்படும் அந்நோயைச் சித்த மருத்துவர் பழங்காலத்திலேயே வகைப்படுத்தியிருந்தனர். யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பது என்று கணக்கிடும். உடலின் இயக்கத்துக்கெல்லாம் வாதமே முதல் என்பது அவர் கொள்கையாதலின், இயக்கம் நின்ற பக்கத்துக்கு வாதத்தின் பெயரை இட்டனர். கிரேக்கரோ, அடித்து வீழ்த்தப்படுதல் என்னும் பொருள்படும் சொல்லால் அதனைக் குறித்தனர். இரு மரபினரும் நோயைக் கண்டனர். நோயின் இருப்பிடத்தைக் கண்டிலர்.

1658இல் சுவிட்சர்லாந்தின் வெப்பர் என்பார், இங்ஙனம் வீழ்ந்து இறந்தோரின் மூளையைத் திறந்து, உள்ளே குருதி கசிந்து உறைந்திருத்தலைக் காட்டினார். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலும் இதுவே நேரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வலப்புற மூளை கெட்டால் இடப்பக்கம் செயலிழக்கும். இடப்புறம் கெட்டால் வலப்பக்கம். மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றைகள் முகுளத்தின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதே காரணம்.

இங்கு ஓர் ஐயம் எழும். கை கால் நரம்பு வளரும். மூளை நரம்பணு செத்தால் செத்ததே. அவ்வாறாயின் பக்கவாதம் கண்டோர் மீண்டும் நடப்பது எங்ஙனம்? நெடுங்காலம் மருத்துவ உலகம் இவ்வினாவை எழுப்பவேயில்லை. நோயாளியைப் படுக்கையிற் கிடத்தினர். கை மடங்கி இறுகியது. கால் நீண்டு விறைத்தது. முதுகிற் புண் வைத்தது. நுரையீரலிற் சளி கட்டியது. பக்கவாதத்தால் மாண்டோரினும் படுக்கையால் மாண்டோர் பலராயிருத்தல் கூடும்.

விடையின் ஒரு பகுதி 1911இல் கிடைத்தது. கிரகாம் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், மூளையின் கட்டளை வாராத பூனையின் தண்டுவடம் தானாகவே பின்னங்கால்களை மாறிமாறி இயக்க வல்லது எனக் கண்டார். காலை எடுத்து வைக்கும் தாளம் தண்டுவடத்திலேயே அமைந்துள்ளது. மாந்தர்க்கு மூளையின் துணை இன்னும் மிகுதியாக வேண்டும். எனினும் கையைவிடக் கால் பெரும்பாலும் விரைந்து மீள்வதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். சட்டைப் பொத்தானைப் பூட்ட மாட்டாத கையோடு நடந்து செல்லும் பெரியவரைப் பலரும் கண்டிருப்பர்.

மற்றொரு பகுதி 1917இல் கிடைத்தது. ஆக்டன், பிரான்ஸ் என்னும் இருவர் குரங்குகளின் மூளையில் இயக்கப் பகுதியைச் சிதைத்து, பின்னர் அவற்றை வெவ்வேறு வகையில் நடத்தினர். சிலவற்றை வாளா விட்டனர்; சிலவற்றின் செயலிழந்த கையைப் பிடித்துவிட மட்டும் செய்தனர்; சிலவற்றின் நல்ல கையைக் கட்டிவைத்துச் செயலிழந்த கையாலேயே இயங்கும்படி வற்புறுத்தினர். இறுதியிற் கூறியவையே மூன்று வாரத்திற் பெரிதும் தேறின. தேய்த்துவிட்டதனால் மட்டும் அத்தகைய பயன் விளையவில்லை. செத்த அணு பிழைக்கவில்லை. எஞ்சிய பகுதிகள் இழந்த வேலையைக் கற்றுக்கொண்டன. கற்றலுக்கு வழி பயிற்சி ஒன்றே.

தமிழர் இல்லங்களில் பக்கவாதம் கண்டவர்க்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தல் நெடுநாள் வழக்கம். அது தோலுக்கும் மூட்டுக்கும் இதம் தரும். தொட்டுத் தேய்ப்பவரின் அன்பு நோயாளிக்கு ஊக்கமும் தரும். ஆயின் தேய்ப்பவர் உழைக்க, நோயாளி படுத்துக் கிடப்பாராயின் மூளை ஒன்றையும் கற்பதில்லை. சங்கதி இவ்வளவே, இதனை எடுத்துரைப்பதற்கு எந்த மரபையும் பழிக்க வேண்டியதில்லை.

படுக்கையிலிருந்து எழுப்பியோர்

1935இல் இலண்டனுக்கு மேற்கே, வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதி இணைக்கப்பட்டது. 700க்கும் மேற்பட்ட படுக்கை நோயாளரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரிடம் வந்தது. ஆண்டுக்கணக்கிற் கிடந்த முதியோர் அவர்கள். வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் உடைகளைந்து ஆராய்ந்தார். இவர்க்கு என்ன நோய் என்று கேட்டார். முதுமை என்னும் விடையை அவர் ஏற்கவில்லை. பக்கவாதம் கண்டோரை உட்கார வைத்தார், நிற்க வைத்தார், கட்டில்களைத் தாழ்த்தினார், கைப்பிடிகளை அமைத்தார். பலர் நடந்து வீடு சென்றனர். முதியோர் மருத்துவம் என்னும் துறை அங்குப் பிறந்தது. சிராங்கூன் சாலையைப் போலவே அதுவும் ஏழையர் விடுதியில் தொடங்கியமை ஈண்டுக் கருதத்தக்கது.

இலண்டனிலேயே, நாசிகளின் கொடுமைக்கு அஞ்சிப் புகலடைந்த பெர்த்தா போபாத் என்னும் உடற்பயிற்சி ஆசிரியை, பக்கவாதம் கண்ட ஓவியர் சைமன் எல்விஸ் என்பார்க்குச் சிகிச்சையளிக்கும்போது, விறைத்த தசையை இழுத்து நீட்டுவதினும் உடல் நிற்கும் நிலையைத் திருத்துவதால் விறைப்புத் தளர்தலைக் கண்டார். அவர் பெயரால் வழங்கும் முறை உலகெங்கும் இயன்முறை மருத்துவர்களால் பயிலப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அம்முறை பிற முறைகளினும் சிறந்தது என நிறுவவில்லை. எனினும் நோயாளியின் செயலிழந்த பக்கத்தை மறந்துவிடாதே என்று அவர் கற்பித்தது நிலைத்தது.

தமிழகத்தில் இத்துறையின் முன்னோடியை வேலூரிற் காணலாம். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று ஹோவர்ட் ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நடக்க மாட்டாத ஒருவர் பிறரை நடக்கப் பயிற்றினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் வ. செ. நடராசன், முதியோர் நலம் பற்றித் தமிழிலேயே நூல்கள் பல எழுதியவர்.

சிங்கப்பூரில், காசநோய் ஓய்ந்தபின் டான் டோக் செங் மருத்துவமனை நரம்பியலுக்கும் மறுவாழ்வுக்கும் நிலைக்களமாயிற்று. 1973இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தோன்றியது. நரம்பு அறுவைத் துறையில் கோபால் பரதம் தலைமை வகித்தார். ஆங்கிலத்தில் நாவலும் சிறுகதையும் எழுதியவரென இலக்கிய மாணவர் அறிந்த அதே பரதம் இவரே. 1988இல் ஜெயரத்தினம் என்னும் மருத்துவர் நாட்டின் முதல் முதியோர் மருத்துவத் துறையை அங்கு நிறுவினார். 1999இல் தேசிய நரம்பியல் நிலையம் அவ்வளாகத்திலேயே அமைந்தது. இவற்றுக்கிடையே, 1996இல் சிங்கப்பூர்த் தேசியப் பக்கவாதச் சங்கம் உருவாயிற்று; நோயுற்று மீண்டோரும் அவர் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள ஓரிடம் கிட்டியது.

பயிற்சி நடைபெறும் முறை எளிதாகவே தோன்றும். முதலிற் கட்டிலின் விளிம்பிற் சாயாமல் அமர்தல்; பின் எழுந்து நிற்றல்; உடலின் பாரத்தைச் செயலிழந்த காலின்மேல் ஏற்றுதல்; இணைகம்பிகளுக்கிடையே நடத்தல்; நாற்கால் ஊன்றுகோல்; இறுதியிற் படிக்கட்டு. இவற்றுள் கடினமானது பாரம் ஏற்றுதலே. நோயாளி அக்காலை நம்புவதில்லை. நல்ல காலின்மேலேயே நின்று, மற்றதை அரிவாள் வீசுவதுபோல் வட்டமாக வீசி நடப்பார். அப்பழக்கம் ஊன்றிவிட்டால் மாற்றுவது அரிது.

எப்போது தொடங்குவது என்பதிலும் வரலாறு ஒரு பாடம் புகட்டியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 800க்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கணக்கின்படி, நடை மீள்வதிற் பெரும்பகுதி முதல் 11 வாரங்களுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. அவ்வாறாயின் முதல் நாளே எழுப்பி நடத்துவது இன்னும் நன்றன்றோ எனப் பலரும் கருதினர். சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,104 நோயாளரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2015இல் வந்தபோது வியப்பே விளைந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் நெடுநேரமும் எழுப்பப்பட்டோர், வழக்கமான முறையில் நடத்தப்பட்டோரைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினர். படுக்கையிற் புதைப்பதும் பிழை. பதற்றத்தோடு இழுத்து நிறுத்துவதும் பிழை. சிறிது சிறிதாக, பலமுறை என்பதே இப்போது கைக்கொள்ளப்படும் நெறி.

பொறிகளின்மேல் வைத்த நம்பிக்கையும் அளந்து பார்க்கப்பட்டது. உடலைக் கயிற்றுப் பட்டையால் தூக்கிப் பிடித்து, ஓடும் பட்டையின்மேல் நடத்தும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 408 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அப்பொறியிற் பயின்றோரும், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து கற்பித்த எளிய பயிற்சிகளைச் செய்தோரும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். இரு சாராருள்ளும் பாதிப்பேர்க்கு மேல் நடை மேம்பட்டது. நோய் கண்டு ஆறு திங்கள் கழித்துத் தொடங்கியோரும் பயன்பெற்றனர். ‘இனி ஒன்றும் ஆகாது’ என்று ஆறாம் திங்களில் கைகழுவும் வழக்கத்துக்கு இது தக்க மறுப்பு. கூடத்தில் ஒரு நாற்காலியும், பத்தடி வெற்றிடமும், பொறுமையுள்ள ஒருவரும் இருந்தால் அடுக்குமாடி வீட்டிலும் பயிற்சி தொடரும். இக்காலத்தில் பல வீடுகளில் குறைபடுவது மூன்றாவதே. நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் செல்வது இருவர்க்கும் எளிது; அவரைத் தாமே எழவிட்டுப் பக்கத்தில் காத்து நிற்பது கடினம்.

முதுமையின் நடை

பக்கவாதம் ஒரு நொடியில் செய்வதை முதுமை பல்லாண்டில் சிறிது சிறிதாகச் செய்கிறது. தண்டுவடத்தின் இயக்க அணுக்கள் குறைகின்றன. நரம்பிற் செய்தி செல்லும் விரைவு தளர்கிறது. உட்காதில் சமநிலை காக்கும் நுண்மயிர் அணுக்கள் உதிர்கின்றன. பாதம் தரையை உணரும் திறன் மங்குகிறது. இருட்டில் எழும் முதியவர் தடுமாறுவது இதனாலேயே, கண்ணின் துணை அப்போது கிட்டாதன்றோ. அடி குறுகும், கால்களின் இடைவெளி அகலும்.

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அவர் பாடிய ஊன்றுகோலே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என நிலைத்தது. இளமையில் மரமேறி மடுவிற் பாய்ந்தவர், முதுமையிற் கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொல்லே பேசும் நிலையை அதில் உரைக்கிறார். நடையும் பேச்சும் ஒருங்கே தளர்வதை அவர் கண்டது கூர்த்த நோக்கே. 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் முதியோர் இல்லமொன்றில் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். உடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தனர். மறுமொழி கூறுவதற்காக நடையை நிறுத்தியோரே அடுத்த ஆறு திங்களில் பெரிதும் வீழ்ந்தனர். இளையோர்க்கு நடை தானே நிகழ்வது. முதியோர்க்கு அது மூளையின் கவனத்தைக் கோரும் வேலையாகிவிடுகிறது.

ஆயினும் தள்ளாட்டமெல்லாம் முதுமையன்று. உயிர்ச்சத்து பி12 குறைந்தால் தண்டுவடத்தின் பின்புறக் கற்றைகள் கெட்டுக் கால்கள் உணர்விழக்கும். இறைச்சி, முட்டை, பால் முதலிய விலங்குணவுகளிலேயே இயல்பாயுள்ள அச்சத்து, மரக்கறியே உண்பவர்க்குக் குறையும் வாய்ப்பு மிகுதி. முதியோர் குடல் அதனை ஈர்ப்பதும் குறைவு. ஒரு நூற்றாண்டுக்கு முன் புழுங்கல் அரிசியால் பெரிபெரிக்குத் தப்பிய சமூகத்தில், மற்றோர் உயிர்ச்சத்தின் குறையால் நடை தளரும் பெரியோர் உளர்; ஊசியாலோ மாத்திரையாலோ காலத்தே திருத்தத்தக்கது அது. மூளையின் அறைகளில் நீர் தேங்கி, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை சிக்கும் நோயொன்றை ஹக்கீம், ஆடம்ஸ் முதலியோர் 1965இல் விளக்கினர். நீரை வடிக்கும் அறுவையால் அவருட் பலர் நடை மீள்கின்றது. இந்தியரிடையே மிகுதியாகக் காணும் நீரிழிவும் பாத நரம்புகளை அரிக்கும். வயதாயிற்று என்று வீட்டார் சொல்லிவிட்டால் இவையொன்றும் மருத்துவரின் கண்ணுக்கு வருவதில்லை. வாரன் அம்மையார் 1935இல் ஏற்க மறுத்த விடையை இன்றும் பல வீடுகள் ஏற்றுக்கொள்கின்றன.

மருத்துவர் நடையை அளக்க இன்று கையாள்வது 1991இல் வகுக்கப்பட்ட ஒரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை விநாடி என்று எண்ணுதல். 2011இல் 34,000க்கு மேற்பட்ட முதியோரின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர், நடையின் விரைவு எஞ்சிய வாழ்நாளையே ஓரளவு காட்டும் எனக் கண்டனர்.

இவ்வறிவு மருத்துவமனைச் சுவருக்குள் நின்றுவிடவில்லை. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1997இல் அருகிலுள்ள புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்தபின், ஹேம்ஷியர் சாலையிலுள்ள அதன் பழைய கட்டடம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பிறந்த அவ்விடத்திலிருந்து முதியோர் சாலை கடக்கும் நேரம் இன்று வகுக்கப்படுகிறது. 2009இல் அவ்வாணையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மூத்தோர் தம் சலுகை அட்டையைச் சாலை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் ஒற்றினால், கடக்கும் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக எரியும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 மீட்டர் அகலச் சாலையைப் பத்து விநாடியிற் கடப்பார். பக்கவாதத்தினின்று மீண்டு, ஊன்றுகோலோடு விநாடிக்கு 0.6 மீட்டர் நடப்பவர்க்கு இருபது விநாடி வேண்டும்.

சாலையைக் கடந்தபின் ஐந்தடி. தேக்காவின் பழைய கடைவீடுகளில் ஒரு வீட்டு ஐந்தடி மற்றொன்றைவிட ஒரு படி உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். பூக்கடைக் கூடையும் காய்கறிப் பெட்டியும் பாதி வழியை அடைத்திருக்கும். மருத்துவமனையில் வழவழப்பான தரையில் நடை பயின்றவர்க்கு அதுவே உண்மையான தேர்வு. ஏறும்போது நல்ல காலை முன்வைக்கவும் இறங்கும்போது நலிந்த காலை முன்வைக்கவும் இயன்முறை மருத்துவர் கற்பிப்பர். அவ்வொழுங்கை நினைவிற் கொண்டு, கோலை இறக்கி, நலிந்த காலை அடுத்து இறக்கி, ஒவ்வொரு கடையாகக் கடந்து செல்லும் முதியோரைச் சிராங்கூன் சாலையில் எந்நாளும் காணலாம்.